பாஸ் கொடுத்தவரைக் காட்டு!

இந்த ஆண்டு மலருக்கு "விளையாட்டு வரலாறு பற்றி ஒரு கட்டுரை தாருங்கள்" என்று நம் மலர்க் குழுவினர் அன்போடு கேட்டுக்கொண்டார்கள். எனக்கு இருக்கும் தகுதிகள் இரண்டே. ஒன்று, நம் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் மூன்று வருஷம் இருந்தேன் (அதில் பெரும்பகுதி பெஞ்சில்தான் என்பது என் செட்காரர்களுக்குத் தெரியும்). இரண்டு, பின்னாளில் பிழைப்புக்காக அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பல ஆண்டுகள் குடியிருந்தேன். ஆகவே அந்த ஊர் ஜனங்கள் தங்கள் வீட்டுப் பெரியவர் போலக் கொண்டாடிய ஒரு கோச்சைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயர் டீன் ஸ்மித். சேப்பல் ஹில் என்னும் சிறு நகரில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஆடவர் கூடைப்பந்து அணிக்கு 1961 முதல் 1997 வரை 36 ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். 2015 பிப்ரவரி 7 அன்று தமது 83-ஆம் வயதில் காலமானார்.

"அமெரிக்காக்கார கோச்சுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி இந்த விளையாட்டை உண்டாக்கினார். 1898-இல் அவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவரிடம் ஆடியவர் பாக் ஆலன். பின்னாளில் பெரிய கோச்சான ஆலனிடம் ஆடியவர் நம் டீன் ஸ்மித். 1952-இல் தேசியப் பட்டம் வென்ற கான்சாஸ் அணியில் டீன் இருந்தார், ஆனால் அதிகம் பெஞ்சில்தான். (இது எனக்கு ரொம்ப ஆறுதல்!) அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் சென்னைக்கு வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் மாநிலத்தின் எத்தனையோ பி.டி. மாஸ்டர்கள் அங்கே படித்து வந்தவர்கள். ஆக, ஒரே மரத்தின் இரண்டு கிளைகள்.

டீன் ஸ்மித் 1931 பிப்ரவரி 28-இல் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் பிறந்தார். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர், கோச். 1934-இல் மாநிலப் பட்டம் வென்ற தம் பள்ளி அணியில், எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்தவர். அந்த விதை மகனிடம் எப்படி முளைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1958-இல் உதவிப் பயிற்சியாளராகச் சேப்பல் ஹில்லுக்கு வந்தார் டீன். 1961-இல் தலைமைப் பொறுப்பு கிடைத்தபோது வயது 30. அணியோ அப்போது விதிமீறலுக்காகத் தண்டனையில் இருந்தது. முதல் வருஷம் 8 வெற்றி, 9 தோல்வி. 1965 ஜனவரியில் வேக் ஃபாரஸ்ட் அணியிடம் தோற்றுவிட்டுப் பஸ்ஸில் திரும்பி வந்தால், கல்லூரி வளாகத்திலேயே அவருடைய கொடும்பாவி தூக்கில் தொங்கிக்கொண்டிருந்தது! அணியின் நட்சத்திரம் பில்லி கன்னிங்ஹாம் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி அதைப் பிடுங்கி எறிந்தார். 21 வருஷம் கழித்து, 1986 ஜனவரியில், 21,000 பேருக்கு மேல் உட்காரும் புதிய அரங்கத்தை அதே பல்கலைக்கழகம் அவர் பெயரிலேயே திறந்தது. ஊர் வாய் அப்படித்தான்.

ஊர் வாய் அதோடு ஓய்ந்ததா என்றால் இல்லை. இறுதி நால்வர் சுற்றுக்கு ஆறு முறை போய் ஆறு முறையும் பட்டமில்லாமல் திரும்பியபோது, "பெரிய ஆட்டம்னா இவருக்கு வராதுப்பா" என்றார்கள். "நாலு மூலை" என்று ஓர் உத்தி வைத்திருந்தார். நாலு பேர் நாலு மூலைக்குப் போய்விட, நடுவில் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். முன்னிலையில் இருக்கும்போது நேரத்தைக் கரைக்கும் வழி. 1979 பிப்ரவரியில் பக்கத்து ஊர்ப் பகையாளியான டியூக் அணியோடு ஆடியபோது, பந்தை இப்படியே பிடித்து வைத்து, இடைவேளையில் ஸ்கோர் 7-0! அந்த ஏழும் டியூக்குக்கு. பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இந்த மாதிரி ஆட்டங்களின் விளைவாகத்தான் 1985-86 பருவத்திலிருந்து, 45 விநாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும் என்று கல்லூரி ஆட்டத்தில் விதியே வந்தது.

பட்டமும் வந்தது. 1982 மார்ச் 29, நியூ ஆர்லியன்ஸ். ஜார்ஜ்டவுன் அணியோடு இறுதி ஆட்டம். கடைசி விநாடிகளில் முதலாமாண்டு மாணவர் ஒருவர் போட்ட கூடையில் 63-62 என்று வெற்றி. அந்தப் பையன் பெயர் மைக்கேல் ஜோர்டன். 1993-இல் மிச்சிகனை 77-71 என்று வென்று இரண்டாவது பட்டம். 1976 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குத் தங்கம் வாங்கித் தந்ததும் இவரே. 1997 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது கணக்கில் 879 வெற்றிகள். அன்று ஆடவர் முதல் பிரிவில் அதுதான் அதிகம். 2007-இல் பாப் நைட் அதைத் தாண்டினார்.

இவ்வளவும் புள்ளிவிவரப் புத்தகத்தில் கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

அவர் இறந்த செய்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் பரவியது. மறுநாள் ஆபீஸில் வேலையே ஓடவில்லை. காபி மெஷின் பக்கம் ஒரே கூட்டம். எல்லாரும் நாற்பது ஐம்பது தாண்டிய ரசிகர்கள். டி.வி. சத்தத்தை அணைத்துவிட்டு, வுடி டர்ஹாமின் ரேடியோ வர்ணனையை வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்து வளர்ந்த தலைமுறை. நானும் போய் நின்றுகொண்டேன். 879 என்ற எண்ணை யாராவது சொல்வார்கள் என்று பார்த்தால், ஒருவர்கூடச் சொல்லவில்லை! ஓர் அம்மா விரலை நீட்டிக் காட்டினார். உடனே எல்லாரும் புரிந்துகொண்டு தலையாட்டினார்கள்.

அந்த விரல் விஷயம் இதுதான். டீனின் அணியில், கூடை போட்டவர் உடனே தனக்குப் பாஸ் கொடுத்த தோழரை நோக்கி விரலை நீட்ட வேண்டும். "இந்தக் கூடையில் பாதி அவனுடையது" என்று அரங்கத்துக்குச் சொல்வது போல. ஒருவர் ஆட்டத்திலிருந்து வெளியே வந்தால் பெஞ்சு முழுவதும் எழுந்து நின்று வரவேற்க வேண்டும். களைத்தவர் முஷ்டியை உயர்த்திக் காட்டினால் மாற்றாள் வருவார், கேட்டதற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது. சொந்த ஊரில் வருஷத்தின் கடைசி ஆட்டத்தை இறுதியாண்டு மாணவர்கள்தான் தொடங்க வேண்டும், ஆண்டு முழுக்கப் பெஞ்சில் இருந்தவராயினும் சரி. 1981-இல் ஒரு பெரிய பத்திரிகை அட்டைப்படத்துக்குக் கேட்டபோது, முதலாமாண்டு மாணவர் என்பதால் ஜோர்டனைச் சேர்க்கவே விடவில்லை! அவரிடம் ஆடியவர்களில் 96 சதவீதத்துக்கும் மேல் பட்டம் பெற்றார்கள்.

அப்பா போட்ட விதையைச் சொன்னேன் அல்லவா? உதவிப் பயிற்சியாளராக, ஊரில் அவர் பெயர் யாருக்கும் தெரியாத காலத்தில், தம் தேவாலயத்துப் போதகரோடும் ஒரு கறுப்பின இறையியல் மாணவரோடும் வெள்ளையருக்கு மட்டும் சோறு போட்ட ஓர் உணவு விடுதிக்குள் நடந்து போய் உட்கார்ந்தார். பரிமாறிவிட்டார்கள். வேலையே போயிருக்கலாம். பல வருஷம் கழித்து ஓர் எழுத்தாளர் போதகர் வாயிலாக இதை அறிந்து கேட்டபோது, "அவர் ஏன் இதை உங்களிடம் சொன்னார்?" என்று டீன் வருத்தப்பட்டாராம். 1966-இல் சார்லி ஸ்காட்டை அந்தப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின விளையாட்டு வீரராகச் சேர்த்ததும் டீன்தான். வெளியூர் ஆட்டம் ஒன்றில் ஸ்காட்டை ஒருவன் இனத்தைச் சொல்லி ஏசியபோது, எப்போதும் நிதானமாக இருக்கும் இந்த மனிதர் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்தார். உதவியாளர்கள் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

இனி, மனசைக் கனக்க வைக்கும் பகுதி. டீனுக்கு அபார ஞாபகசக்தி. முன்னாள் வீரர்கள் எந்த ஊரில் என்ன வேலையில் இருக்கிறார்கள், பிள்ளைகள் எத்தனை என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். ஜோர்டனுக்கும் கடைசி பெஞ்சுக்காரருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் போகும். அப்பேர்ப்பட்டவருக்கு ஞாபகத்தைத் தின்னும் நோய் வந்தது. 2010 ஜூலையில் குடும்பத்தாரே அதை ஊருக்கு அறிவித்தார்கள். 2013 நவம்பரில் அதிபர் ஒபாமா நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை வழங்கியபோது, மனைவி லின்னியா போய் வாங்கிக்கொண்டார். எல்லாரையும் நினைவில் வைத்திருந்தவர் யாரையும் அடையாளம் தெரியாத நிலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த ஐந்து வருஷத்தில், நினைவு வைத்துக்கொள்ளும் வேலையை ஊர் ஏற்றுக்கொண்டது. அவர் எங்களுக்குச் செய்ததை நாங்கள் அவருக்குச் செய்கிறோம் என்பது போல.

அந்த ஊர் அப்போது தலைகுனிந்திருந்த நேரமும்கூட. 1993 முதல் 2011 வரை, வகுப்பே நடக்காமல் மதிப்பெண் தந்த போலிப் பாடங்களை 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் எடுத்திருந்தார்கள், அவர்களில் விளையாட்டு வீரர்கள் பலர் என்று 2014 அக்டோபரில் ஒரு விசாரணை அறிக்கை வெளியாகியிருந்தது. அதன் தொடக்க ஆண்டுகள் டீன் பதவியிலிருந்த காலத்தோடு சேர்கின்றன. இரங்கல் கட்டுரையில் இதை விட்டுவிடலாம், ஆனால் வரலாற்றுக் கட்டுரையில் விடக் கூடாது. ஆபீஸ் கூட்டத்திலும் ஒருவர் மெதுவாக இதை எடுத்தார். யாரும் அவரை அடக்கவில்லை. "அதனாலதான் அவர் எப்படி நடந்துகிட்டார்னு இப்ப ஞாபகப்படுத்திக்கணும்" என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு அது சரியாகவே பட்டது. கூடை போட்டவனைவிடப் பாஸ் கொடுத்தவனைப் பார் என்று சொல்லிக்கொடுத்த மனிதரை, வெற்றிதான் பெரிது என்று நினைத்த ஒரு காலத்தில் நினைப்பது வெறும் துதி ஆகாது. அதில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது.

பிப்ரவரி 18 அன்று டியூக் அரங்கில் ஆட்டம். ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியினரும் நடுக்களத்தில் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக மண்டியிட்டு மௌனம் காத்தார்கள். அந்த இரண்டு ஊருக்கும் உள்ள பகை தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். 21-ஆம் தேதி சொந்த அரங்கில் ஜார்ஜியா டெக் அணியோடு ஆட்டம். பந்து கிடைத்த முதல் தடவையே கோச் ராய் வில்லியம்ஸ் நாலு விரலைத் தூக்கிக் காட்டினார். இவரும் டீனிடம் தொழில் கற்றவர்தான். இளைஞர்கள் நாலு மூலைக்கு ஓடினார்கள். அரங்கமே எழுந்துவிட்டது. ஒரு காலத்தில் எந்த உத்தியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்களோ, அதே உத்திக்குக் கண்ணீரும் கைதட்டலும்! பாஸ் போய், கூடையும் விழுந்தது. மறுநாள் அதே அரங்கில் அஞ்சலிக் கூட்டம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், மார்ச் மாதம் ஒரு செய்தி. அவரிடம் ஆடிய ஏறக்குறைய 180 பேருக்கும் ஆளுக்கு 200 டாலர் செக் தபாலில் வந்தது. உயிலில் அப்படி எழுதி வைத்திருக்கிறார்! கோச் செலவில் வெளியே போய் ஒருவேளை நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள் என்பது விஷயம். கோடீஸ்வரரான ஜோர்டனுக்கும் 200, ஒரு நிமிஷம் ஆடியவருக்கும் 200. நோய் வருமுன்பே, தெளிவாக இருந்தபோதே எழுதிய பட்டியலா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். எப்போது எழுதியிருந்தாலும், ஒரு பெயரும் விடுபடவில்லை என்பதுதான் பெரிது. பலர் அந்தச் செக்கை வங்கியில் போட மனமில்லாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

நண்பர்களே, இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது சந்திப்பு விழாவின் மதியச் சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும். நம்மில் சிலர் பெரிய பதவிகளில் இருக்கிறோம். மேடையில் பொன்னாடையும் உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் முகங்களை ஒரு சுற்று பாருங்கள். பரீட்சைக்கு நோட்டு கொடுத்தவன், பீஸ் கட்ட மோதிரத்தை அடகு வைத்தவன், ஆய்வகத்தில் நம் தப்பைச் சத்தமில்லாமல் திருத்திய அட்டெண்டர், இப்போது தள்ளாத வயதில் வந்திருக்கும் நம் பி.டி. சார் என யாராவது ஒருவர் கண்ணில் படுவார். பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விரலை நீட்டிக் காட்டுங்கள். அவருக்குப் புரியும்.