வைத்தியர் போட்ட கணக்கு

1840-ம் வருஷம் ஜூலை மாதம். ஹாலந்திலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் கடலில் மிதந்து வந்த கப்பல் ஒன்று, ஜாவாத் தீவின் சுரபாயாத் துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சி நின்றது. நோயுற்றுக் கிடந்த மாலுமிகளின் கையைக் கீறிக் கப்பல் வைத்தியர் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் ரத்தத்தை வெளியேற்றினால் பல வியாதிகள் குணமாகும் என்பது அந்தக் காலத்து வைத்திய சாஸ்திரம். ஆனால் வழிந்த ரத்தத்தைப் பார்த்ததும் வைத்தியர் திகைத்துப்போனார். இருதயத்துக்குத் திரும்பிப் போகிற ரத்தம் கறுத்திருக்க வேண்டும். இதுவோ செக்கச் செவேலென்று இருந்தது. தவறான குழாயைக் கீறிவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தார். அந்தப் பக்கத்து வைத்தியர்களை விசாரித்தபோது, வெப்ப நாடுகளில் இது வழக்கந்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

வழக்கந்தான் என்று கேட்டதும் நம்மில் பெரும்பாலோர் சமாதானமாகிவிடுவோம். இந்த மனிதர் ஆகவில்லை. இவர் பெயர் ஜூலியஸ் ராபர்ட் மாயர். ஜெர்மனியில் ஹைல்ப்ரான் என்ற ஊரில் மருந்துக் கடைக்காரர் ஒருவரின் மகன். அப்போது வயது 25. நாம் உள்ளே இழுக்கிற பிராணவாயு, உண்ட உணவை மெல்ல மெல்ல எரிப்பதால்தான் உடம்பில் சூடு இருக்கிறது என்று பிரெஞ்சு ரசாயன நிபுணர் லவாசியர் முன்பே சொல்லியிருந்தார். மாயர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். வெளியே வெயில் கொளுத்துகிற நாட்டில் உள்ளே அதிகமாக எரிக்க வேண்டியதில்லை, பிராணவாயு மிஞ்சுகிறது, ரத்தம் சிவப்பாகவே திரும்புகிறது என்று ஊகித்தார். வெப்பத்தில் தோலுக்கு ரத்தம் தாராளமாகப் பாய்வதையே இன்றைய உடலியலார் முக்கியமான காரணமாகச் சொல்வார்கள். ஆனால் மாயரின் மனம் அந்த ஊகத்தோடு நிற்கவில்லை.

ஒரு கூலியாள் மூட்டை இழுக்கிறான். அச்சு உரசிச் சூடாகிறது. அந்தச் சூடு யாருடையது? அவன் தின்ற சோற்றினுடையதுதான். அவன் உடம்புச் சூடும் அதே சோற்றினுடையது. ஒரே வரவிலிருந்து இரண்டு செலவு. அப்படியானால் சூடும் வேலையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடிய இரண்டு நாணயங்களாக இருக்க வேண்டும். இத்தனை வேலைக்கு இத்தனை சூடு என்று என்றும் மாறாத விகிதம் ஒன்று இருக்க வேண்டும். 1841 பிப்ரவரியில் ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த சரக்கு இந்த ஒரு எண்ணந்தான்.

கட்டுரையாக எழுதி, பெளதிகப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். ஆசிரியர் பொகெண்டார்ஃப் அதைப் பிரசுரிக்கவுமில்லை, திருப்பி அனுப்பவுமில்லை. எழுதிப் பழகியவர்களுக்கு இந்த மெளனத்தின் ருசி தெரியும். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையில் பெளதிகப் பிழைகள் இருந்தன. மாயர் மீண்டும் உட்கார்ந்து படித்தார், திருத்தினார். 1842-ல் ரசாயன மேதை லீபிக் தம்முடைய பத்திரிகையில் புதிய கட்டுரையை வெளியிட்டார். மாற்று விகிதம் இத்தனை என்று அதில் எண்ணாகவே சொல்லியிருந்தது.

ஆராய்ச்சிச் சாலையோ கருவிகளோ இல்லாத ஒரு வைத்தியருக்கு அந்த எண் எங்கே கிடைத்தது? மற்றவர்கள் காற்றை அளந்து எழுதிவைத்த அட்டவணைகளில் கிடைத்தது. அதுதான் இந்தச் சரித்திரத்தில் மிக அழகான பகுதி.

இறுக மூடிய பாத்திரத்தில் 1 கிராம் காற்றை அடைத்து 1 டிகிரி சூடேற்ற 0.17 கலோரி போதும். இதே காற்றை, மேலே நகர்ந்து கொடுக்கிற மூடி போட்ட பாத்திரத்தில் அடைத்து அதே 1 டிகிரி சூடேற்ற 0.24 கலோரி தேவைப்படுகிறது. காற்றும் அதே காற்று. ஏறிய சூடும் அதே சூடு. மிச்சம் 0.07 கலோரி எங்கே போயிற்று? இரண்டாவது பாத்திரத்தில் காற்று விரிகிறது. விரியும்போது மூடியைத் தூக்குகிறது. மூடிக்கு மேலே வாயுமண்டலம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 1 கிலோ பாரம். அந்தப் பாரத்தைத் தூக்கியதற்குக் கூலிதான் அந்த 0.07 கலோரி! தூக்கிய பாரமும் தெரியும், தூரமும் தெரியும், கொடுத்த கூலியும் தெரியும். விகிதம் தானே வந்துவிடுகிறது.

விரிந்து பரவுவதிலேயே சூடு கரைந்துபோயிருக்கலாமே என்று ஒருவர் மறுக்கலாம். அதற்கும் விடை தயாராக இருந்தது. 1807-ல் கே-லூஸாக் என்ற பிரெஞ்சுக்காரர், காற்று நிரம்பிய பாத்திரத்திலிருந்து காற்றில்லாத பாத்திரத்துக்குக் காற்றைப் பாயவிட்டுப் பார்த்திருந்தார். ஒன்று குளிர்ந்த அளவுக்கு மற்றது சூடாயிற்று, மொத்தத்தில் நஷ்டமில்லை. எதிர்த்துத் தள்ள எதுவுமில்லாதபோது காற்று சும்மா பரவுகிறது. சும்மா பரவுவதற்குக் கூலி கிடையாது. 1845-ல் சொந்தச் செலவில் அச்சிட்ட பிரசுரத்தில் மாயர் இதை எடுத்துக்காட்டினார்.

தண்ணீரை 1 டிகிரி சூடாக்கும் உஷ்ணம், அதே எடையுள்ள பொருளைச் சுமார் 365 மீட்டர் உயரம் தூக்கப் போதும் என்பது மாயரின் விடை. சரியான விடை ஏறக்குறைய 427 மீட்டர். அவர் நம்பிய அட்டவணைகளில் அளவுகள் சற்றுப் பிசகியிருந்தன. கணக்கின் வழியில் பிசகில்லை.

உள்ளே வந்த சூடு, உள்ளே தங்கிய சக்தியும் வெளியே செய்த வேலையும் சேர்ந்ததற்குச் சமம். உஷ்ண சாஸ்திரத்தின் முதல் விதி இதுதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். நாம் கேட்கிறோமோ இல்லையோ, இயற்கை அப்படித்தான் போடுகிறது.

மாயர் ஜாவாவில் இருந்த அதே 1840-ல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஹெஸ் என்ற ரசாயன அறிஞர் இதே கணக்கேட்டின் வேறொரு பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தார். கந்தகத் திராவகத்தை வெவ்வேறு அளவுக்கு நீர்க்கச் செய்து, பிறகு அம்மோனியாவால் முறித்தார். நீர்க்கச் செய்தபோது வந்த சூட்டையும் முறித்தபோது வந்த சூட்டையும் கூட்டினார். எத்தனை வழியில் போனாலும் கூட்டுத்தொகை ஒன்றாகவே வந்தது. புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் ஒன்றானால் நடுவழி எதுவானாலும் மொத்தச் சூடு மாறாது என்று அவர் விதி வகுத்தார்.

இதன் பயனைப் பாருங்கள். 12 கிராம் கரி முழுக்க எரிந்து கரியமிலவாயுவானால் 94 கிலோ கலோரி வருகிறது. அரைகுறையாக எரிந்து, மூடிய அறையில் ஆளைக் கொல்லும் அந்த விஷவாயுவாக மட்டும் நின்றால் எவ்வளவு வரும்? நேரே அளப்பது கடினம். கரி அப்படிப் பாதியில் சமர்த்தாக நின்றுகொள்வதில்லை. ஆனால் அந்த விஷவாயுவைத் தனியே எரித்தால் 68 வருவதை அளக்கலாம். 94-ல் 68 போக 26. அடுப்பில் அளக்க முடியாததைக் காகிதத்தில் அளந்தாயிற்று!

ரசாயன மாறுதலில் வாயு பிறந்தால், மாயர் கண்ட கூலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 65 கிராம் துத்தநாகத்தைத் திராவகத்தில் கரைத்தால் ஹைட்ரஜன் கிளம்புகிறது. திறந்த பாத்திரமானால் அது வெளிக்காற்றைத் தள்ளிக்கொண்டு வழி பண்ண வேண்டும். அதற்குக் கூலி சுமார் 600 கலோரி. அசையாத மூடி போட்ட பாத்திரத்தில் கரைத்தால் அந்த 600 கலோரியும் சூடாகவே நம் கைக்கு வரும்.

கணக்கு தப்பாமல் நின்றது. கணக்குப் போட்டவர்தான் நிற்கவில்லை. மாஞ்செஸ்டருக்குப் பக்கத்தில் மதுபான உற்பத்திக் குடும்பத்தில் பிறந்த ஜூல் என்ற இளைஞர், மாயரை அறியாமலே அதே விகிதத்தைத் தேடினார். பாரங்களை இறக்கி, தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, வருஷக்கணக்காக அளந்தார். 1850-ல் அவர் வெளியிட்ட எண் 424 மீட்டருக்குச் சமம். அசாத்தியப் பொறுமை! யார் முந்தியவர் என்ற சச்சரவு எழுந்தது. 1848-ல் மாயர் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தார். மறுவருஷம் பத்திரிகையொன்றில் அவரை ஏளனம் செய்து எழுதினார்கள். 1850 மே மாதம் ஒரு நாள் அவர் மாடி ஜன்னலிலிருந்து குதித்தார். உயிர் போகவில்லை. பிறகு மனநோய் விடுதிகள். அங்கே அவரைக் கட்டியும் வைத்தார்கள். 1853-ல் வெளியே வந்தபோது உலகம் அவரை மறந்திருந்தது. அவர் இறந்துவிட்டார் என்று அச்சிலேயே வந்தது!

1862-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டிண்டால் நிகழ்த்திய பிரசங்கம்தான் அவரை மீட்டது. ஆங்கிலேயரான ஜூலின் நாட்டிலேயே, ஜெர்மானிய வைத்தியர் ஒருவருக்காக எழுந்த குரல் அது. ராயல் சொஸைட்டியின் காப்ளி பதக்கம் 1870-ல் ஜூலுக்கும் 1871-ல் மாயருக்கும் கிடைத்தது. 1878-ல் பிறந்த ஊரிலேயே மாயர் கண்ணை மூடினார்.

ஆரம்பமும் முடிவும் ஒன்றானால் நடுவழியைப் பற்றிக் கவலையில்லை என்கிறது ஹெஸ்ஸின் விதி. ஹைல்ப்ரானில் தொடங்கிக் காப்ளி பதக்கத்தில் முடிந்த வாழ்க்கை என்று மாயரையும் ஒரு வரியில் கூட்டி எழுதிவிடலாம். ஆனால் அவர் கண்ட விதியையே கூர்ந்து பாருங்கள். மாறாதது மொத்தந்தான், அதில் எவ்வளவு வேலையாகும், எவ்வளவு வெறும் சூடாகப் போகும் என்பது போகிற வழியைப் பொறுத்தது. பொகெண்டார்ஃப் ஒரு வரி பதில் எழுதியிருந்தால், ஏளனம் செய்த பேனா சற்றுத் தயங்கியிருந்தால், அந்த மனிதருக்குள் இருந்த சக்தியில் இன்னும் எவ்வளவு வேலையாக வந்திருக்குமோ! கதை எழுதுகிறவனுக்கு இந்த நடுவழிதான் முக்கியம். பிறரோடு வாழ்கிற நமக்கும் அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.