காரணத்தை எங்கே எழுதி வைப்பது? லினக்ஸும் பைத்தானும்

லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸ் கெர்னலும் கைடோ வான் ராசமின் பைத்தான் மொழியும் 1991இல் வெளியானவை. இரண்டையும் இன்று வளர்ப்பவர்களில் பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. அவர்களை இணைப்பது எழுத்துதான். ஆனால் ஒரு முடிவின் காரணத்தை இரண்டும் வெவ்வேறு இடத்தில் எழுதி வைக்கின்றன.

கெர்னலில் காரணம் திருத்தத்தோடு ஒட்டியே வரும். 'பேட்ச்' என்னும் அந்தத் திருத்தத்தை அனுப்புபவர் என்ன கோளாறு, ஏன் இந்தத் தீர்வு என்று விளக்கியாக வேண்டும். டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி அந்தக் குறிப்பைக் காத்து வைக்கிறது. பல ஆண்டு கழித்துப் பிழை தேடுபவர், ஒரு வரியை யார், எதற்காக எழுதினார் என்று அறியலாம். ஏற்காத பேட்ச்சுக்குக் கிட்டில் இடமில்லை. அது ஏன் மறுக்கப்பட்டது என்பதைப் பழைய மின்னஞ்சல்களில்தான் துழாவ வேண்டும்.

பைத்தானில் 2000 முதல் பெரிய மாற்றங்களுக்கு 'பெப்' என்னும் முன்மொழிவு எழுதுகிறார்கள். மறுக்கப்பட்டதும் பொதுப் பார்வையில் இருக்கும். 'ஸ்விட்ச்' என்னும் கட்டளை வேண்டுமெனக் கைடோவே எழுதிய பெப் 3103, 2007 பைகான் மாநாட்டில் ஆதரவு பெறாததால் கைவிடப்பட்டது. அந்தக் காரணமும் அதிலேயே உள்ளது. 2021இல் பைத்தான் 3.10 'மேட்ச்' கட்டளையைக் கொண்டுவந்தபோது இலக்கணத்துக்கு பெப் 634, காரணங்களுக்கு 635, கற்பவர்களுக்கு 636 என மூன்று ஆவணங்கள் எழுதினார்கள். உழைப்பு அதிகம், சின்னத் திருத்தங்களுக்கு இது கட்டுப்படியாகாது.

2018 இரண்டுக்கும் சோதனை ஆண்டு. பெப் 572 மீதான சச்சரவுக்குப் பின் கைடோ தலைமையை விட்டார். அடுத்த நிர்வாகம் எப்படி அமைய வேண்டும் என்பதையும் பெப்களாகவே எழுதி வாக்களித்தார்கள். ஐவர் குழு அமைந்தது. டோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கினார். கெர்னல் நடத்தை நெறிகளை ஏற்றது. தெளிவாக எழுதினால் மட்டும் போதாது, மரியாதையாகவும் எழுத வேண்டும் என்பதை அது காட்டியது.

பைத்தான் ஆவணங்களுக்காக உருவான ஸ்ஃபிங்ஸ் கருவியைக் கெர்னல் 2016இல் ஏற்றது. 2017இல் பைத்தான் கிட்டுக்கு மாறியது. ஒன்றின் பலம் மற்றதற்கும் தேவைப்பட்டிருக்கிறது.

கட்டற்ற மென்பொருள் எழுதும் சிறு குழுக்களும் இரண்டையும் கைக்கொள்ளலாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் எழுதுங்கள். பயனரைப் பாதிக்கும் முடிவுக்குத் தனி ஆவணம் வையுங்கள். மறுத்த யோசனையையும் அதில் மரியாதையோடு பதியுங்கள். நாளை புதிதாக வருபவர் அதே விவாதத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.