ராயபுரத்திலிருந்து வண்டி கிளம்பும்போது

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. சுமார் 100 கிலோமீட்டர். தூண்கள் வைத்த அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. வண்டி எங்கே போனது, யார் ஏறினார்கள் என்பதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. எனக்கு முக்கியம் அதன் முதல் அரை நிமிடம்தான். நின்ற வண்டி ஓடுகிற வண்டியாக மாறிய அரை நிமிடம். அதற்குப் பின்னால் ஒரு பழைய அவமானம் இருக்கிறது.

எண்பதுகளில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். சீரான முடுக்கம் என்றால் என்ன என்று வாத்தியார் கேட்டார். "போகப் போக வேகம் கூடும் சார். ரெண்டு மடங்கு தூரம் போனா ரெண்டு மடங்கு வேகம்" என்றேன். "நீ கம்பெனிக்குப் போய் ஸ்பேனர் பிடி. உனக்கெல்லாம் எதுக்கு பிசிக்ஸ்?" என்றார். வகுப்பே சிரித்தது. எங்க அப்பா எண்ணூரில் ஸ்பேனர் பிடிக்கிறவர்தான். அதனால் கொஞ்சம் அதிகமாகவே வலித்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் மின்சார ரயிலில் ஏற்றிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "தண்டவாளம் ஒண்ணு 13 மீட்டர்டா. ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சத்தம் வரும். எண்ணு."

வண்டி நகர்ந்தது. முதல் 'தடக்' வர நேரமாயிற்று. அடுத்தது சீக்கிரம். அதற்கடுத்தது இன்னும் சீக்கிரம்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு வினாடிக்கும் வேகம் அரை மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தண்டவாளத்தைக் கடக்க ஏறக்குறைய 7 வினாடி ஆகும். அடுத்த 7 வினாடியில் 3 தண்டவாளம். அதற்கடுத்த 7 வினாடியில் 5. முதல் 7 வினாடி முடிவில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர், அடுத்த 7 முடிவில் 26. நேரம் இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பு. ஆனால் தூரமோ நாலு மடங்கு ஆகிவிட்டது. அதாவது, வேகம் தூரத்தின் கணக்கில் ஏறவில்லை, நேரத்தின் கணக்கில்தான் ஏறுகிறது. சீரான முடுக்கம் என்பது இவ்வளவுதான். (நிஜ வண்டியில் கிளம்பின கொஞ்ச நேரத்துக்குத்தான் இது பொருந்தும். வேகம் ஏற ஏற முடுக்கம் குறைந்துவிடும்.)

நான் சொன்னது உண்மையாக இருந்தால் என்ன ஆகும்? தூரம் பூஜ்யமாக இருக்கும்போது வேகமும் பூஜ்யம். வேகமே இல்லாமல் தூரம் எப்படி வரும்? வண்டி ராயபுரத்தை விட்டு நகரவே நகராது!

இந்த 1, 3, 5 வரிசையைக் கண்டுபிடித்தவர் கலிலியோ. அவர் காலத்தில் வினாடி காட்டும் நல்ல கடிகாரம் கிடையாது. சாய்ந்த மரப்பலகையில் பள்ளம் வெட்டி வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார்.

பல வருஷம் கழித்துத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. 1604இல் பாவ்லோ சார்ப்பி என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் கலிலியோ இந்த வரிசையைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே கடிதத்தில், அதற்குக் காரணம் வேகம் தூரத்துக்கு ஏற்பக் கூடுவதுதான் என்றும் எழுதியிருக்கிறார். வகுப்பில் நான் சொன்ன அதே தப்பு!

அந்தத் தப்பைத் திருத்தின சட்டம் நம்ம ஊருக்கும் வந்தது. ரயிலுக்கு 35 வருஷம் முன்பே, 1821இல், மதராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசல் சோதனை செய்தார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சரியாக ஒரு வினாடி எடுக்கும் ஊசலின் நீளம் இங்கே 39 அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். லண்டனில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு அங்குலம்போலக் குறைவு. பூமத்திய ரேகைக்கு அருகில் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு என்பதுதான் காரணம். கீழே விழும் பொருளின் வேகம் சென்னையில் ஒவ்வொரு வினாடிக்கும் 9.78 மீட்டர் கூடும், லண்டனில் 9.81. அளவு ஊருக்கு ஊர் மாறலாம், ஆனால் எந்த ஊரிலும் கணக்கு நேரத்தை வைத்துத்தான்.

1638இல் வெளியான தன் கடைசி நூலை கலிலியோ மூன்று பேரின் உரையாடலாக எழுதினார. அதில் சக்ரேதோ என்பவர், வேகம் தூரத்துக்கு ஏற்பக் கூடும் என்கிறார். யாரும் சிரிக்கவில்லை. இந்த நூலாசிரியரே கொஞ்ச காலம் அதே தப்பில் இருந்ததாக ஒப்புக்கொண்டவர்தான் என்று சல்வியாத்தி பதில் சொல்கிறார். எழுபது வயதைத் தாண்டிய மனுஷன், தன் பழைய தப்பை மறைக்காமல் அச்சில் போட்டுவைத்தார்.

இப்போது தண்டவாளங்களை நீளநீளமாக வெல்டிங் செய்துவிட்டார்கள். பெரும்பாலான இடங்களில் அந்தச் சத்தம் இல்லை. அப்பாவும் இல்லை. அவருக்கு கலிலியோவைத் தெரியாது. ஆனால் மகன் தப்பாகச் சொல்லிவிட்டான் என்றதும், சிரிக்காமல் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுக்கத் தெரிந்திருந்தது.