வெற்றிக்குக் கட்டிய வளைவு

வெற்றி வளைவு என்றதும் எங்கட ஆக்களுக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது பரிஸ் நகரத்து வளைவுதான். ஆனால் நாங்கள் வாழும் ஜேர்மனியிலே, மியூனிச் நகரத்திலும் ஒரு வெற்றி வளைவு உண்டு. 'சீகஸ்ரோர்' என்பது அதன் பெயர். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், லுட்விக் வீதி முடிகிற இடத்தில் நிற்கிறது. வேலைக்குப் போய்வரும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போகிறவர்கள் பலர், அதன் கதையை அறிந்தவர்கள் சிலர்.

பவேரியாவை ஆண்ட முதலாம் லுட்விக் மன்னன்தான் இதைக் கட்டுவித்தவன். ரோமாபுரியிலுள்ள கொன்ஸ்ரன்ரைன் வளைவைப் பார்த்து, கேர்ட்னர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தார். 1843இல் வேலை தொடங்கியது. 1847இல் கேர்ட்னர் இறந்து போனார். அடுத்த வருடம் மன்னனும் முடி துறந்தான். வேறொருவர் பொறுப்பெடுத்து 1852இல் கட்டி முடித்தார். உயரம் 21 மீற்றர், வாசல்கள் மூன்று. உச்சியிலே நான்கு சிங்கங்கள் இழுக்கும் தேரில் பவேரியாத் தாய் நிற்கிறாள். அவளுடைய முகம் நகரத்தைப் பார்க்கவில்லை, வெளியே வடக்கைப் பார்க்கிறது. போருக்குப் போன படை வெற்றியோடு திரும்பி வரும்போது வரவேற்கத்தான் அப்படி. அந்தப் பக்கத்திலே 'பவேரியப் படைக்கு' என்று பொறித்திருக்கிறார்கள்.

எந்த வெற்றி? நெப்போலியனுக்கு எதிராக 1813 முதல் 1815 வரை நடந்த போர்களில் கிடைத்த வெற்றி. ஆனால் அதற்கு முந்திய கதையையும் சொல்ல வேண்டும். பவேரியா முதலில் நெப்போலியனின் கூட்டாளி. 1806இல் அது இராச்சியமாக உயர்ந்ததும் அவன் தயவில்தான். 1812இல் அவனோடு சேர்ந்து ரஷ்யாவுக்குப் போன பவேரியப் படையில் 30,000 பேர் மாண்டார்கள். 1813 ஒக்ரோபரில்தான் பவேரியா மற்றப் பக்கம் மாறியது. அந்த 30,000 பேருக்கும் இதே மன்னன் 1833இல் கரோலினன் சதுக்கத்தில் ஒரு தூண் எழுப்பினான். அவர்களும் தாயகத்தின் விடுதலைக்காகவே இறந்தார்கள் என்று அதில் எழுதுவித்தான். உண்மையில் அவர்கள் செத்தது நெப்போலியனின் போரில்! கல்லில் எழுதிவிட்டால் எல்லாம் சரித்திரம்தான்.

இனி இரண்டாம் உலகப்போர். 1944இல் குண்டுவீச்சில் வளைவு கடுமையாகச் சேதமானது. 1958இல் திருத்தியபோது பழையபடி அழகாக்கி மூடிவிடவில்லை. நகரத்தைப் பார்க்கும் தெற்குப் பக்கத்தின் மேற்பகுதியைச் சிற்பங்கள் இல்லாமல் வெறுமையாகவே விட்டார்கள். அந்த வெறும் சுவரிலே ஒரு புதிய வாசகத்தைப் பொறித்தார்கள். வெற்றிக்கு அர்ப்பணிக்கப்பட்டது, போரால் அழிக்கப்பட்டது, சமாதானத்தை வலியுறுத்தி நிற்கிறது என்பது அதன் கருத்து.

அதை எழுதியவர் வில்ஹெல்ம் ஹவுசன்ஸ்ரைன். இவர் மனைவி யூதப் பெண். நாசிகள் இவருக்கு நூல் வெளியிடத் தடை போட்டார்கள். போருக்குப் பிறகு மேற்கு ஜேர்மனியின் முதலாவது தூதுவராக பிரான்சுக்குப் போனவரும் இவரே. பிரெஞ்சுக்காரரை வென்ற பெருமைக்காகக் கட்டிய வளைவிலே, பிரெஞ்சுக்காரரோடு உறவைச் சரிப்படுத்தப் போன மனிதரின் வாசகம் இருக்கிறது.

எங்கட மண்ணிலும் 2009க்குப் பிறகு கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் அரசாங்கம் வெற்றிச் சின்னங்களை எழுப்பியது. அந்தப் போரில் செத்த எங்கட சனத்துக்கு அவற்றில் ஒரு வரியும் இல்லை. வென்றவன் தன் வெற்றியை மட்டும் எழுதுவது உலக வழக்கம். மியூனிச்சிலும் முதலில் அப்படித்தான் எழுதினார்கள். தங்கட வீடுகளும் இடிந்து, தங்கட பிள்ளைகளையும் பறிகொடுத்த பிறகுதான் மறுபக்கத்தில் எழுத மனம் வந்தது. அதற்கு நூறு வருடங்களுக்கு மேல் சென்றது.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் தெற்குப் பக்கத்துக்கும் போய், அந்த எழுத்துக்களை அவர்களைக் கொண்டே வாசிப்பியுங்கள். எங்களைவிட அவர்களுக்கு ஜேர்மன் நன்றாகத் தெரியும்.