பெண்டிங்க் பிரபுவின் துலாக்கோல்

ஒரு செயல் நன்றா தீதா என்பதை எதைக்கொண்டு துணிவது? அதனால் விளையும் இன்பதுன்பங்களை எடைபோட்டே துணிய வேண்டும் என்றார் ஆங்கில அறிஞர் ஜெரிமி பெந்தாம். துன்பம் எத்துணைக் கடியது, எவ்வளவு காலம் நீடிப்பது, நேர்வது உறுதிதானா, எத்தனை பேரைத் தாக்கும் என்றெல்லாம் அளவைகளை 1789-இல் வெளிவந்த தம் நூலில் அவர் வகுத்தார். அரசனாயினும் ஏழையாயினும் அக்கணக்கில் ஒருவர் ஒருவரே. ஏட்டில் எளிதான இக்கணக்கு ஆட்சிப் பீடத்தில் எத்துணை அரிது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு.

1828-இல் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்ற வில்லியம் பெண்டிங்க் பிரபு, பெந்தாமின் கருத்துக்களில் ஈடுபாடு கொண்டவர். அவ்வாண்டில் மட்டும் வங்க மாகாணத்தில் உடன்கட்டை ஏறிய பெண்டிர் 463 பேர் என்றது அரசாங்கப் பதிவேடு. தடுக்கும் அதிகாரம் இருந்தும் வாளாவிருத்தல் கொடுமை. தடுத்தாலோ, சமயத்தில் கைவைத்ததாகக் கருதிச் சிப்பாய்கள் கிளர்ந்தெழக்கூடும். இவ்வச்சம் அவர் செவிவழியாக அறிந்ததன்று. 1806-இல் புதிய தலைப்பாகையும் சமயக் குறிகளை விலக்கிய ஆணையும் வேலூர்ச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்தபோது, சென்னைக் கவர்னராக இருந்தவர் அவரே. மறு ஆண்டே பதவியிழந்து தாயகம் திரும்பினார்.

1829 நவம்பரில் எழுதிய குறிப்பில் இரு தட்டுகளையும் அவர் ஒளிக்காமல் காட்டுகிறார். ஒன்றில் ஆண்டுதோறும் மாயும் நூற்றுக்கணக்கான உயிர்கள். மற்றதில் ஆங்கில ஆட்சியின் பாதுகாப்பும், அதனால் பல இலட்சம் மக்களுக்கு விளையும் என அவர் நம்பிய நலங்களும். ஆட்சி நீடிப்பதே மக்கள் நலம் என்பது ஆள்வோர் தாமே எழுதிக்கொண்ட கணக்கு. இதைச் சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை.

ஆயினும் அவர் அச்சத்தை அப்படியே தட்டில் இடவில்லை, அளந்து பார்த்தார். இராணுவ அதிகாரிகள் 49 பேரைக் கேட்டார். ஐவர் மட்டுமே எத்தலையீடும் ஆகாது என்றனர். 24 பேர் உடனே தடுக்கலாம் என்றனர். எஞ்சியோர் நேரடித் தடையைத் தவிர்த்த நடுவழி நாடினர். மேலும், அந்த 463 பேரில் 420 பேர் வங்காளம், பீகார், ஒரிஸ்ஸாப் பகுதியினர். சிப்பாய்கள் பெரிதும் வந்த மேற்பகுதிகளில் 43 பேரே. ஆகவே கிளர்ச்சி ஐயத்திற்குரியது. சிதையில் மாயும் உயிரோ உறுதி. இக்கொடுமையை எதிர்த்துப் போராடிவந்த இராம் மோகன் ராயே, நேரடிச் சட்டம் வேண்டாம், இடையூறுகளைப் பெருக்கி ஓசையின்றி ஒழிக்கலாம் என்று ஆலோசனை கூறினார். தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான உயிர்களை விலையாகக் கேட்டது. பெண்டிங்க் இணங்கவில்லை.

1829 டிசம்பர் 4-ஆம் நாள் 17-ஆம் ஒழுங்குவிதி பிறந்தது. அரசாங்கத்தின் வங்க மொழிபெயர்ப்பாளரான வில்லியம் கேரியிடம் அது ஒரு ஞாயிறன்று சேர்ந்ததாகவும், அன்றைய பிரசங்கத்தை விடுத்து மாலைக்குள் அவர் மொழிபெயர்த்து முடித்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கோப்புகள் நாட்கணக்கில் உறங்கும் தொழிலில் இருக்கும் எனக்கு அந்த ஒரு பகற்பொழுது பெரிதாகவே தோன்றுகிறது.

1830-இல் சென்னை மாகாணத்திலும் தடை வந்தது. அஞ்சிய கிளர்ச்சி எழவில்லை. இலண்டனுக்குச் சென்ற எதிர்ப்பு மனுவை 1832-இல் பிரிவி கவுன்சில் தள்ளியது. சிதையினின்று மீண்டவள் பின்னர் எவ்வாறு வாழ்வாள் என்பது மட்டும் எத்தட்டிலும் ஏறவில்லை. இந்துக் கைம்பெண்ணின் மறுமணத்தைச் சட்டம் ஏற்றது 1856-இல்தான்.