அணுகல் தொழில்நுட்பம்: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

பார்வை, செவி, பேச்சு, உடலியக்கம் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களும் முதியவர்களும் பிறர் துணையின்றிக் கையாளத்தக்க மின்னணுக் கருவிகள், மென்பொருள்கள், சேவைகள் ஆகியவற்றை அணுகல் தொழில்நுட்பம் என்பர். அடையாறு, கிண்டி தொடங்கி ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் வரையிலும், கடற்கரைப் பக்கமாகக் காலவாக்கம், முட்டுக்காடு வரையிலும் விரிந்த பகுதியில் இதற்கு ஏறக்குறைய 40 ஆண்டு வரலாறு உண்டு. எந்தக் கருவி நிலைத்தது, எது அலமாரிக்குள் போனது என்பதை விலையும் தொழில்நுட்பமும் மட்டும் தீர்மானிக்கவில்லை. ஏமாந்துவிடுவோமோ என்ற அச்சம், தனக்கு வந்த கடிதத்தைத் தானே படிக்க வேண்டும் என்ற ரோஷம், எல்லோரும் வைத்திருப்பதையே தானும் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை ஆகியவையும் சேர்ந்தே தீர்மானித்தன.

தொடக்கம்

1980களின் பிற்பகுதியில் பரவிய எஸ்.டி.டி. தொலைபேசி பூத்துகளை ஒதுக்குவதில் அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தந்தது. நொடிகளை எண்ணும் சிவப்பு எண்களும் பில் அடிக்கும் சிறு இயந்திரமும் கொண்ட அந்தக் கூண்டுதான் பலருக்கு வருமானம் தந்த முதல் மின்னணுக் கருவி. அதை நடத்தியவரைத் தேடி ஊரே வந்தது. அந்த மரியாதை பணத்தைவிடப் பெரிது. ஆனால் பூத் நடத்தியவர் பார்வையற்றவராக இருந்தால் திரையில் ஓடும் தொகையை வாடிக்கையாளர்தான் படித்துச் சொல்ல வேண்டும். கருவி கைக்கு வந்தாலும் அதன் செய்தி கைக்கு வராத இந்த நிலை பின்னாளில் வேறு வேறு வடிவங்களில் தொடர்ந்தது. கைப்பேசி பரவியதும் பூத்துகள் மூடப்பட்டன.

பேச்சுக் கருவிகள்

1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய, இன்று கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யாசாகர், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்குப் படப்பலகைகள் மூலம் பேசக் கற்றுக்கொடுத்த நிறுவனங்களில் முன்னோடி. பலகையில் குழந்தை ஒரு படத்தைத் தொடும். எதிரில் இருப்பவர் அதைப் பார்த்துப் பொருள் சொல்வார். அவர் வேறு பக்கம் திரும்பியிருந்தால் குழந்தை என்ன சொன்னது என்பது யாருக்கும் தெரியாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகரின் அனுபவத்தைத் துணையாகக் கொண்டு, தம் இன்வென்ஷன் லேப்ஸ் நிறுவனத்தின் மூலம் ஆவாஸ் என்னும் கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் கருவியே குரல் கொடுக்கும். இதற்காக அவர் 2011-இல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழின் இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் இடம்பெற்றார். 2012-இல் ஆவாஸ் தனிக்கருவி நிலையை விட்டு ஐபேட் செயலியானது. இதை விலை சார்ந்த மாற்றமாக மட்டும் பார்ப்பது போதாது. தனியாகச் செய்த மருத்துவக் கருவியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகும் குழந்தையை மற்றப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். அதே குழந்தையின் கையில் ஐபேட் இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

இத்தகைய செயலிகளில் எந்தச் சொற்களை முதல் பக்கத்தில் வைப்பது என்பது பெரிய கேள்வி. தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை ஆகிய மூன்றை வைத்தால் பராமரிப்பவருக்கு வசதி. பேசுகிறவருக்கோ ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘இன்னும் கொஞ்சம்’, ‘நீ போ’ என்பவையும் வேண்டும். மறுக்கவும் கோபிக்கவும் கேலி செய்யவும் இடம் தராத கருவியைக் குழந்தைகள் விரைவில் ஒதுக்கிவிடுவதில் வியப்பில்லை.

முட்டுக்காட்டில் 2005-இல் மத்திய அரசு நிறுவிய பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனமும், காலவாக்கத்திலுள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியும் இணைந்த பணி அதிகம் பேசப்படாதது; பேசப்பட வேண்டியது. பெருமூளை வாதத்தால் நாக்கும் உதடும் கட்டுப்படாதவர்களின் தமிழ்ப் பேச்சைப் பதிவுசெய்து ஒரு தொகுப்பை அந்நிறுவனங்கள் உருவாக்கின. பொதுவான குரலறி மென்பொருள், தெளிவாகப் பேசுபவரின் பேச்சைக் கொண்டு பழக்கப்பட்டது. குழறும் பேச்சு அதற்கு வெறும் இரைச்சல். ஆனால் ஒருவர் எந்த ஒலியை எந்த ஒலியாக மாற்றிச் சொல்கிறார் என்பதில் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு உண்டு. பெற்ற தாய்க்கு அது பழக்கத்தில் தெரியும். அந்த ஒழுங்கை ஆளுக்கு ஆள் தனியே கணித்து, அவர் சொல்ல வந்ததைத் தெளிந்த குரலில் திருப்பிச் சொல்ல வைப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

திரைபடிப்பானும் எழுத்துருச் சிக்கலும்

1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் தமிழுக்கும் பொதுவான புள்ளி எழுத்து முறையைத் தந்தது. கணினி வந்தபோது பார்வையற்ற தமிழர் ஆங்கிலத்துக்குத் தள்ளப்பட்டனர். காரணம் எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் இதழ்களும் அலுவலகங்களும் ஆளுக்கொரு குறியேற்றத்தைப் பயன்படுத்தின. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ‘அம்மா’ கண்ணுக்கு அம்மாவாகத் தெரியும். கணினியின் நினைவில் அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைபடிப்பான் அதை ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்றே படிக்கும். ஒரு பக்கக் கதை முழுவதும் இப்படியே ஓடும். தாய்மொழியில் படிக்க உட்கார்ந்தவருக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் இல்லை.

தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடை அதிகாரப்பூர்வக் குறியேற்றமாக ஏற்றது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைபடிப்பான், விலை மிகுந்த ஜாஸ் மென்பொருளுக்கு மாற்றானது. அதனுடன் வந்த ஈஸ்பீக் என்னும் குரல் மென்பொருள் தமிழையும் படித்தது, இயந்திரக் குரலில் என்றாலும். மனிதக் குரலுக்கு நெருங்கிய தமிழ் ஒலிகளை உருவாக்குவதில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஹேமா மூர்த்தி தலைமையிலான கூட்டமைப்பும் அதில் பங்கேற்ற எஸ்.எஸ்.என். கல்லூரியும் பெரும்பங்கு வகித்தன.

2009-இல் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் வந்தபின் திரைபடிப்பான் சட்டைப்பைக்குள் வந்தது. தமிழக அரசு பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் தக்க செயலிகளுடன் திறன்பேசி வழங்கும் திட்டத்தையும் நடத்துகிறது. வங்கிக் குறுஞ்செய்தியை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும்போது, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்ற ரகசியமும் அவரிடம் போய்விடும். காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு தானே கேட்பவரிடம் அது தங்கிவிடுகிறது. திறன்பேசி தந்த சுதந்திரத்தில் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

பணமும் பயணமும்

கடற்கரை–தாம்பரம் மின்ரயில் தடம் 1931 முதல் இயங்குவது. அதன் பெட்டிகளில் பேனா, அட்டை உறை, கடலை மிட்டாய் விற்கும் பார்வையற்ற வியாபாரிகள் ரூபாய் நோட்டை நீள அகலத்தால் அறிந்தவர்கள். 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கத்துக்குப் பின் வந்த புதிய நோட்டுகள் அந்தக் கைப்பழக்கத்தைக் கலைத்தன. புதிய 100, 200, 500 ரூபாய் நோட்டுகள் மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மி.மீ.; நீளத்தில் அடுத்தடுத்து 4 மி.மீ. மட்டுமே வேறுபாடு. ஓடும் ரயிலில், இறங்கப்போகும் வாடிக்கையாளர் முன்னால் அதை விரலால் அளப்பது யாராலும் ஆகாது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட மணி செயலி, நோட்டைக் கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும். தொடக்கத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் சொன்னது. கூட்ட நெரிசலில் உண்மையில் கைகொடுத்தது, பணம் வந்ததும் தொகையை உரக்கச் சொல்லும் யு.பி.ஐ. அறிவிப்புதான். கடைக்காரர்களுக்காகச் செய்த வசதி அது. ஏமாற்றப்படுவோம் என்ற அச்சம் இருவருக்கும் பொதுவானதால் பார்வையற்றவருக்கும் பொருந்தியது.

மாநகரப் பேருந்துகளில் 2022-இல் தொடங்கிய ஒலிவழி நிறுத்த அறிவிப்பும் இவ்வகையே. ‘குரோம்பேட்டை வந்துடுச்சாங்க?’ என்று பக்கத்து இருக்கைக்காரரை நிறுத்தத்துக்கு நிறுத்தம் கேட்கும் சங்கடத்தை அது குறைத்தது. ஊருக்குப் புதியவர்களுக்கும் அது உதவியது.

காது கேளாதோருக்குக் குறுஞ்செய்தி ஒரு வழி திறந்தது. ஆனால் அவர்களில் பலருக்குச் சைகையே முதல்மொழி. 2016-இல் இணையக் கட்டணம் சரிந்து வாட்ஸ்ஆப்பில் காணொளி அழைப்பும் வந்த பிறகே தொலைவிலிருப்பவருடன் முகம் பார்த்து, சைகையில் சண்டை போடவும் சமாதானம் ஆகவும் முடிந்தது. முதியவர்களுக்கு 2017 ஆகஸ்டில் கூகுள் தந்த தமிழ்க் குரல்வழித் தட்டச்சு அத்தகைய வழியைத் திறந்தது. பேரனுக்கு ஒரு வரி அனுப்ப மருமகளை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

சட்ட நிலை

கருவிகள் வளர்ந்த வேகத்தில் சேவைகள் வளரவில்லை. படத்தில் நெளியும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் கேப்ட்சா, பெயர் சூட்டப்படாத பொத்தான்கள், குறுஞ்செய்தியைக் கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காலாவதியாகும் ஓ.டி.பி. ஆகியவை இன்றும் உள்ளன. கடைசி நொடியில் வெளியே தள்ளப்படுபவருக்கு வருவது சலிப்பு மட்டுமல்ல, அவமானமும்தான். பலர் மறுமுறை முயல்வதில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்ப அணுகலைக் கடமையாக்கியது. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் மின்வழி அடையாளச் சரிபார்ப்பை எதிர்த்து அமிலத் தாக்குதலுக்கு உள்ளான பிரக்யா பிரசூனும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகளில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. மின்னணு அணுகல், அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்து 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஓர் இணையதளத்தையோ செயலியையோ பயன்படுத்த முடியாத மாற்றுத்திறனாளி, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.