கம்பியும் காந்தப்புலமும்

நோயின் காரணத்தை ஆராய்வோர்க்குப் பேரிடர், கடந்துபோன நாளை அளப்பதேயாம். அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி வெர்தைமர் அம்மையாரும் எட் லீப்பரும் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகளை ஆராய்ந்தனர். மின்னோட்டம் உள்ளவிடத்தில் காந்தப்புலம் தோன்றும். ஆயின் குழந்தை வாழ்ந்த நாளின் புலத்தை இன்று அளப்பது எங்ஙனம்? ஆகவே, தெருக்கம்பிகளின் பருமனையும் தொலைவையும் கண்டு வீடுகளை வகைப்படுத்தினர். மிகுந்த மின்னோட்டம் செல்லும் கம்பிகளின் அருகே அத்தகைய வீடுகள் கூடுதலாக இருந்தன என 1979-இல் வெளியிட்டனர். பெற்றோர் அஞ்சினர்.

1988-இல் டேவிட் சாவிட்ஸ் குழுவினர் அதே நகரில் கம்பிகளையும் நோக்கினர். வீட்டினுள் புலத்தையும் அளந்தனர். கம்பி காட்டிய அளவுக்குத் தொடர்பைக் கருவி காட்டவில்லை. 1997-இல் மார்த்தா லினெட் குழுவினர் குழந்தைகளின் படுக்கையறையில் 24 மணி நேரம் அளந்தும் தெளிவான தொடர்பு காணவில்லை.

2000-இல் ஒன்பது ஆய்வுகளை ஒருங்கு சேர்த்தபோது, 0.4 மைக்ரோடெஸ்லாவும் அதற்கு மேலும் புலமுள்ள மிகச் சில வீடுகளில் மட்டும் இரத்தப்புற்று ஏறத்தாழ இருமடங்காகத் தெரிந்தது. ஆய்வுக்கு ஆள் சேர்த்த முறையும் அதற்குக் காரணமாகலாம் என்றனர். 2002-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதனை 'விளைவிக்கக்கூடும்' என்னும் ஐயப்பிரிவிலேயே வைத்தது.

கம்பி ஓர் அடையாளம், புலம் வேறு. அடையாளத்தைப் பொருளென மயங்காமையே ஆராய்ச்சியின் முதற்பாடம். மாணவர்க்கு நாம் ஊட்டத் தக்கதும் அதுவே.